கப்பல்ல நாய் கத்தினா லண்டன்ல மதியமா? நிஜமாவே இப்படிச் செஞ்சாங்களா?

முகவை டீச்சர்:

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அட்சரேகை, தீர்க்கரேகை நடத்திக்கொண்டிருக்கிறேன். "15 டிகிரிக்கு ஒரு மணி நேரம்" என்று பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், அந்தக் காலத்துல இதைக் கண்டுபிடிக்க ஒரு நாயைக் காயப்படுத்திக் கப்பல்ல ஏத்திட்டுப் போவாங்களாம். அது கத்தினா லண்டன்ல மதியம் பன்னிரண்டு மணியாம். யூடியூப்ல பார்த்தேன்" என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். எல்லா இடத்திலும் அதே நாலு வரிதான், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போல இருக்கிறது. இங்கே கப்பலில் வேலை பார்த்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். அப்படி ஒரு நாய் நிஜமாகவே கப்பலில் போனதா? அட்சரேகையைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறோம். கிழக்கு மேற்கு கண்டுபிடிக்க மட்டும் ஏன் நாயைக் கத்த வைக்கிற அளவுக்குத் திண்டாடினார்கள்? பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் நல்லது.

வம்பன்:

எங்க தெரு நாய்ங்க ராத்திரி ரெண்டு மணிக்குக் கத்துதுங்க. அப்போ எந்த ஊர்ல மதியம்னு யாராச்சும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கப்பா.

கரைசேர்ந்தவன்:

டீச்சர், வணக்கம். வணிகக் கப்பல்ல செகண்ட் ஆபீசரா இருந்துட்டு இப்போ தூத்துக்குடியில கரையில உட்கார்ந்திருக்கேன். கப்பல்ல கடல் வரைபடமும் குரோனோமீட்டரும் (துல்லியமா ஓடுற கப்பல் கடிகாரம்) செகண்ட் ஆபீசர் பொறுப்பு. அதனால இது நம்ம பேட்டை.

முதல்ல வம்பன் தம்பி கணக்கை முடிச்சிடுவோம். இந்திய நேரம் ராத்திரி 2 மணின்னா, மதியம் 12 ஆகுற இடம் நமக்கு 14 மணி நேரம் பின்னால இருக்கு. 14ஐ 15ஆல பெருக்கினா 210 டிகிரி மேற்கு. அமெரிக்காவோட மேற்குக் கரையைக் கொஞ்சம் தாண்டின பசிபிக் கடல். டீச்சர், இதையே நாளைக்கு வீட்டுப்பாடமாக் கொடுங்க, பசங்க விடமாட்டாங்க.

இப்போ அந்த நாய். 1687ல லண்டன்ல பேர் போடாம ஒரு சின்னப் பிரசுரம் வந்தது, யோசனை அதுலதான் இருக்கு. கிண்டலுக்கு எழுதினதுன்னுதான் ஆராய்ச்சி பண்ணவங்க பெரும்பாலும் சொல்றாங்க. எந்தக் கப்பலும் அப்படி நாயை ஏத்திட்டுப் போனதாப் பதிவு கிடையாது. உங்க மாணவன்கிட்ட யோசனை நிஜம், பயணம் பொய்னு சொல்லிடுங்க.

ஆனா அந்தக் கிண்டலுக்கு அடியில இருந்த 'அனுதாபப் பொடி'யைப் படிச்சவங்களே நம்பினாங்க. சர் கெனெல்ம் டிக்பின்னு ஒரு ஆங்கிலப் பிரபு. பிரான்ஸ்ல மோன்பெல்லியே நகரத்துல அவர் பேசின சொற்பொழிவு 1658ல அச்சாச்சு. காயத்துக்கு மருந்து போட வேண்டாம், காயத்து ரத்தம் பட்ட துணிக்குப் போட்டா போதும், எவ்வளவு தூரத்துல இருந்தாலும் வேலை செய்யும்னார். பொடி வேற ஒண்ணுமில்லை, நம்ம நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற அன்னபேதிதான்.

அவர் சொன்ன கதையைக் கேளுங்க. ஜேம்ஸ் ஹவல்னு ஒரு எழுத்தாளர், வாள் சண்டை போட்ட ரெண்டு நண்பர்களை விலக்கப் போய்க் கையில வெட்டு வாங்கிட்டார். அவர் கையில கட்டியிருந்த ரத்தத் துணியை டிக்பி கேட்டு வாங்கி, பொடி கரைச்ச கிண்ணத்துல போட்டார். அறையோட இன்னொரு மூலையில பேசிக்கிட்டு நின்ன ஹவலுக்கு அப்பவே கை ஜில்லுன்னு ஆகி எரிச்சல் போயிடுச்சாம். சாப்பாடு முடிஞ்சு டிக்பி துணியை எடுத்து நெருப்பு முன்னால காயப் போட்டிருக்கார். கொஞ்ச நேரத்துல ஹவலோட வேலைக்காரன் ஓடி வந்து, ஐயாவுக்குக் கை தணல்ல வச்ச மாதிரி எரியுதுங்கறான். துணி திரும்பத் தண்ணிக்குப் போனதும் எரிச்சல் நின்னது. இத்தனையும் டிக்பியே சொன்னது, அதை மனசுல வச்சுக்குங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வைத்தியத்துல நிறைய பேருக்குக் காயம் ஆறவும் செஞ்சது. அந்தக் காலத்து வைத்தியர்கள் வெட்டுக் காயத்துல எதை எதையோ அப்புவாங்க. டிக்பி ஆளுங்க காயத்தைச் சுத்தமாக் கட்டிட்டு அது பாட்டுக்கு விட்டுட்டு, மருந்தையெல்லாம் துணிக்குப் போட்டாங்க. ஆறாம என்ன செய்யும்?

பிரசுரக்காரன் இதைக் கடலுக்கு இழுத்துட்டான். கப்பல்ல ஒரு காயம்பட்ட நாய். அதோட கட்டுத்துணி லண்டன்ல நம்பிக்கையான ஒரு ஆள்கிட்ட. தினம் மதியம் 12 அடிச்சதும் அவர் துணியைப் பொடித் தண்ணில முக்கணும். எங்கேயோ நடுக்கடல்ல நாய் வீல்னு கத்தும். கேப்டனுக்கு லண்டன் மதியம் தெரிஞ்சுபோச்சு!

சிரிங்க, ஆனா கேலி பண்ணவன் கேள்வியைக் கச்சிதமாப் பிடிச்சிருக்கான் பாருங்க. நான் நிக்கிற இடத்துல மணி என்னன்னு சூரியனே சொல்லிடும். கிளம்பின ஊர்ல இந்த நொடி மணி என்னன்னுதான் எனக்குத் தெரியணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்க்கரேகை. அட்சரேகைக்கு இந்தத் தொல்லை இல்லை. மதியம் செக்ஸ்டன்டைக் (உயரக் கோணம் அளக்கிற கருவி) கண்ணுல வச்சுக்கிட்டு பிரிட்ஜ் ஓரத்துல நின்னா, சூரியன் மெல்ல ஏறி, கொஞ்ச நேரம் அசையாம நின்னுட்டு, இறங்க ஆரம்பிக்கும். அந்த உச்சி உயரமும் அன்னைய தேதிக்கான சூரிய அட்டவணையும் போதும், கடிகாரமே வேண்டாம். பூமி சுத்துறதால வர்ற கிழக்கு மேற்கு மட்டும் நேரத்தோட கட்டிப்போட்ட விஷயம்.

எவ்வளவு நுணுக்கமான நேரம்னு கேளுங்க. 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி. பூமத்திய ரேகைகிட்ட 4 நொடி பிசகினா ஒரு கடல் மைல் போச்சு. குரோனோமீட்டரை வெளியே தூக்கிட்டு வரக்கூடாது, அது உள்ளே சார்ட் ரூம்ல பெட்டிக்குள்ள இருக்கும். நான் வெளியே நின்னு நட்சத்திரத்தை அடிவானத்துல தொட வச்ச நொடியில, மனசுக்குள்ள "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணிக்கிட்டே உள்ளே நடந்து போய் முள்ளைப் பார்த்து, எண்ணினதைக் கழிச்சு எழுதணும். வழியில கேப்டன் குட்மார்னிங் சொன்னாலும் வாயைத் திறக்கக்கூடாது. மரியாதைக்குப் பதில் சொன்னா ஒரு மைல் காணாமப் போகும்.

திண்டாட்டம் எவ்வளவுன்னு கேட்டீங்க. இதுக்கு எல்லாரும் 1707ல இங்கிலாந்துக்குத் தென்மேற்கே சில்லி தீவுப் பாறைல மோதின பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஷவல் கதையைச் சொல்லுவாங்க. நாலு கப்பல், 1,400 பேருக்கு மேல சாவு. ஆனா அந்தக் கப்பல்களோட பதிவேட்டைப் பார்த்தா அட்சரேகையும் சேர்ந்தே தப்பு. எச்சரிச்ச மாலுமியைத் தளபதி தூக்குல போட்டாருங்கறதும் பின்னால முளைச்ச கதை. என்னைக் கேட்டா ஆன்சன்ங்கற இன்னொரு பிரிட்டிஷ் தளபதியைத்தான் சொல்லுவேன்.

1741. ஆன்சனோட செஞ்சூரியன் கப்பல் தென் அமெரிக்காவோட தெற்குக் கோடி ஹார்ன் முனையைச் சுத்தி பசிபிக்குக்கு வந்துடுச்சு. கப்பல் முழுக்க ஸ்கர்விங்கற நோய். ஈறு அழுகி, பழைய தழும்பெல்லாம் திரும்பப் பிளந்து, தினம் பொணத்தைக் கடல்ல இறக்கறாங்க. ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக்குப் போனா நல்ல தண்ணி, கீரை எல்லாம் உண்டு. தீவோட அட்சரேகை தெரியும், அந்தக் கோட்டுக்கும் வந்தாச்சு. ஆனா தீவு இப்போ கிழக்கேயா மேற்கேயா? மேற்கே போனாங்க. தீவைக் காணோம். சந்தேகம் வந்து கிழக்கே திருப்பினாங்க. எதிர்ல சிலி நாட்டு மலை! அப்போ முதல்ல போன பக்கம்தான் சரி. திரும்ப மேற்கே. ஜூன் 9 வாக்குல தீவைப் பிடிச்சாங்க. அந்த அலைச்சல்ல மட்டும் 70, 80 பேர் செத்தாங்க. தீர்க்கரேகை தெரிஞ்சிருந்தா பொழைச்சிருக்க வேண்டியவங்க.

முகவை டீச்சர்:

ஐயா, மிக்க நன்றி. "கேப்டன் குட்மார்னிங்" கதையை நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரு சந்தேகம். ஊர் மணி தெரிந்தால் போதும் என்றால், லண்டன் மணிக்கு வைத்த ஒரு கடிகாரத்தைக் கையோடு எடுத்துப் போயிருக்கலாமே? அப்போதே கடிகாரம் இருந்ததே! பையன் நிச்சயம் கேட்பான். இன்னொன்று, ஹாரிசன் என்ற தச்சர்தான் அதைச் செய்தார், மாஸ்கலின் என்ற வானியலாளர் பொறாமையில் பரிசைத் தடுத்தார் என்று படித்தேன். அது சரியா?

ஹேர் ஸ்பிரிங்:

டீச்சர், கடிகாரக் கேள்விக்கு நான் சொல்லுதேன். திருநெல்வேலில வாட்ச் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். மாஸ்கலின் கதையை அண்ணாச்சி வந்து சொல்லட்டும்.

அப்போ நல்ல கடிகாரம்னா பெண்டுலம்தான். கரையில சுவரோட நிக்கும்போது நல்லா ஓடும். கப்பல் ஆடினா பெண்டுலம் யார் தாளத்துக்கு ஆடும்? சரி, ஆட்டமே இல்லைன்னு வச்சுக்கிடுங்க. அப்பவும் ஒரு வில்லங்கம். 1672ல ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ்ல சரியா வச்ச கடிகாரத்தைத் தென் அமெரிக்காவுல கயென்னுக்குக் கொண்டு போனாரு. பூமத்திய ரேகைப் பக்கம். அங்கே அது நாளைக்கு ரெண்டரை நிமிஷம் பிந்திச்சு. புவியீர்ப்பே அங்க கொஞ்சம் கம்மி. பெண்டுலத்தைக் குட்டையாக்கித்தான் சரி பண்ணினாரு.

பெண்டுலம் வேண்டாம், பேலன்ஸ் வீலும் (முன்னும் பின்னும் ஆடுற குட்டிச் சக்கரம்) ஹேர் ஸ்பிரிங்கும் (அதை ஆட்டுற மெல்லிய சுருள்) போதும்னா அங்க சூடு குறுக்கே வரும். பழைய எஃகு ஹேர் ஸ்பிரிங் சூட்டுல தளரும், வாட்ச் மெதுவாயிரும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினா நாளைக்குச் சுமார் பத்து நொடி பிந்தும். 1714ல பிரிட்டிஷ் பார்லிமென்ட் 20,000 பவுண்டு பரிசு அறிவிச்சதுல்லா, அதுக்கு என்ன வேணும் தெரியுமா? மேற்கிந்தியத் தீவு வரை போயும் அரை டிகிரிக்குள்ள சொல்லணும். அரை டிகிரின்னா மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து ரெண்டே நிமிஷம். ஆறு வாரப் பயணம்னா நாளைக்கு மூணு நொடிக்குள்ள! லண்டன் குளிர்ல கிளம்பி ஜமைக்கா வெயிலுக்குப் போற வாட்ச் அது. இதுக்கு மேல எண்ணெய் வேற. குளிர்ல எண்ணெய் தடிச்சுப் போகும், சூட்டுல இளகும். நியூட்டனே பார்லிமென்ட் குழு முன்னால போய், அப்படி ஒரு வாட்ச் இன்னும் யாரும் செய்யலைன்னு சொன்னவருதான்.

ஹாரிசன் யார்க்ஷயர்ல பிறந்த தச்சர். எண்ணெய்தான் எதிரின்னா எண்ணெயே வேண்டாம்னுட்டாரு. தன்னாலே எண்ணெய்ப் பசை கசியுற லிக்னம் வைட்டேங்கிற கட்டைல பேரிங் செஞ்சாரு. பித்தளையையும் எஃகையும் ஒட்டி ஒரே பட்டையாக்கினா, சூடு பட்டதும் ஒரு பக்கமா வளையும். அந்த வளைவை வச்சே ஸ்பிரிங்கைச் சரி பண்ண வச்சாரு. டீச்சர், உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி தானா அணைஞ்சு எரியுதுல்லா, அது உள்ளேயும் இதே மாதிரிப் பட்டைதான்.

முதல் கடிகாரம் 34 கிலோ. மூணாவதைச் செய்யவே கிட்டத்தட்ட 19 வருஷம். அப்புறம் திடீர்னு எல்லாத்தையும் விட்டுட்டு 1759ல 13 சென்டிமீட்டர் அகல வாட்ச்சா ஒண்ணு செஞ்சாரு. அதுதான் எச்4, ஹாரிசனோட நாலாவது. நொடிக்கு அஞ்சு அடி அடிக்கும். பெரிய பேலன்ஸ் வேகமா ஆடினா கப்பல் குலுக்கல் அதை ஒண்ணும் செய்யாதுன்னு அவருக்கு அப்போதான் பிடிபட்டுச்சு. வாட்ச்சை ஓட்டுற மெயின் ஸ்பிரிங் முழுசா முறுக்கியிருக்கும்போது ஒரு பலம், இறங்கினா ஒரு பலம் இருக்குமே, அது பேலன்ஸுக்குத் தெரியக் கூடாதுன்னு இடையில குட்டி ஸ்பிரிங் ஒண்ணு. ஏழரை நொடிக்கு ஒரு தடவை அது தன்னைத்தானே முறுக்கிக்கும். சக்கரப் பல்லைத் தடுத்துத் தடுத்து விடுற பேலட்டுக்கு வைரம் வச்சிருக்காரு. இதை 66 வயசுல, பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு செஞ்சிருக்காருன்னா, அந்தக் கையைத் தொட்டுக் கும்பிடணும்.

கரைசேர்ந்தவன்:

தம்பி அருமையாச் சொன்னீங்க. அந்த ஏழரை நம்ம தொழில்லயும் இருக்கு. ரெண்டு நாள் ஓடுற குரோனோமீட்டருக்குத் தினம் காலைல ஒரே நேரத்துல ஏழரை அரைச்சுத்து சாவி கொடுக்கணும். ஏழரைன்னாலே நம்ம ஆளுங்களுக்குச் சனி ஞாபகம்தான் வரும், ஆனா ஒரு நாள் மறந்தாத்தான் சனி பிடிக்கும்.

டீச்சர், மாஸ்கலினை வில்லனாக்கினா கதை விறுவிறுப்பா இருக்கும். கப்பல்காரன் கண்ணுல பார்த்தா எனக்கு அப்படித் தெரியலை. ஆனா முதல்ல ஹாரிசன் வாட்ச் கடல்ல என்ன பண்ணுச்சுன்னு சொல்லிடறேன்.

1761 கடைசியில எச்4ஐ எடுத்துட்டு அவர் மகன் வில்லியம் டெப்ட்ஃபோர்ட் கப்பல்ல ஜமைக்காவுக்குக் கிளம்பினார். வழியில கப்பல்ல இருந்த பீர் கெட்டுப்போச்சு. மாலுமிங்க வெறும் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கடுப்புல இருக்காங்க. மதேரா தீவு எப்போ வரும்னு தவிப்பு. கப்பல்காரங்க வேகத்தையும் திசையையும் வச்சுப் போட்ட கணக்குப்படி போர்ட்ஸ்மவுத்துக்கு மேற்கே 13 டிகிரி 50 நிமிடம். வில்லியம் வாட்ச்சைப் பார்த்து 15 டிகிரி 19 நிமிடம்ங்கறார். கேப்டன் டிக்ஸ் வாட்ச் தப்புன்னு ஒண்ணுக்கு அஞ்சு பந்தயம் கட்டினார். வில்லியம் விடலை, இதே திசையில போங்க, நாளைக்குத் தீவு தெரியும்னார். மறுநாள் காலைல தெரிஞ்சது. வெறும் சர்டிபிகேட்டை விட இந்த மாதிரி சாட்சிதான் கப்பல்ல எடுபடும். அடுத்து நீங்க செய்யுற வாட்ச்சை நானே வாங்கிக்கறேன்னு சொன்னது அதே கேப்டன்.

ஜமைக்கா போய்ச் சேர்ந்தப்ப 81 நாள்ல 5 நொடி பிசகுன்னு எல்லாரும் எழுதறாங்க. அதுல ஒரு சிக்கல் இருக்கு. வாட்ச் தினம் கொஞ்சம் பிந்தும், அந்தப் பிந்தலைக் கழிச்ச பிறகு வந்ததுதான் 5 நொடி. கப்பல்ல எங்களுக்கு அதுதான் பழக்கம். குரோனோமீட்டர் சரியா ஓடணும்னு யாரும் கேக்க மாட்டோம், தினம் ஒரே அளவு தப்பா ஓடணும். அந்தத் தினசரி அளவைக் கிளம்பும் முன்னாடியே எழுதிக் கொடுத்திடணும். அதை முன்கூட்டிச் சொல்லலைன்னுதான் பரிசுக் குழு இழுத்தடிச்சது. கேட்டது நியாயம்தான்! 1764ல பார்படோஸுக்கு இரண்டாவது சோதனை போனப்ப முன்னாடியே சொல்லிட்டாங்க. 39 நொடி பிசகு, அதாவது பத்து மைல். கேட்டதுல மூணுல ஒரு பங்கு.

அதே பார்படோஸ் சோதனைக்காக மாஸ்கலினும் முன்னாடியே போயிருந்தார். வியாழனோட நிலாக்களைப் பார்த்து நேரம் சொல்றது கலிலியோ காலத்து யோசனை. அந்த நிலாக்கள் வியாழன் நிழல்ல மறையுற நேரம் உலகம் பூரா ஒண்ணு, வானத்துல மாட்டின கடிகாரம் மாதிரி. ஆடுற கப்பல்ல தொலைநோக்கியைப் பிடிச்சு அதை எப்படிப் பார்க்கிறது? இர்வின்னு ஒருத்தர் அதுக்குன்னே ஆடாத நாற்காலி ஒண்ணு செஞ்சு கொடுத்தார். மாஸ்கலின் அதுல உட்கார்ந்து பார்த்துட்டு, பிரயோஜனம் இல்லைன்னுட்டார். கரையில அதே முறை அருமையா வேலை செய்யும். சென்னை நுங்கம்பாக்கத்துல வானிலை அலுவலக வளாகத்துக்குள்ள, 1792ல கட்டின பழைய வானாய்வு நிலையத்தோட கருங்கல் தூண் இன்னும் நிக்குது, அதுல தமிழ்லயும் தெலுங்குலயும்கூட வெட்டியிருக்கு. கருவி துளியும் அசையக் கூடாதுன்னு நட்ட தூண் அது. மெட்ராஸோட தீர்க்கரேகையை வியாழன் நிலாக்களைப் பார்த்துக் கணிச்சவங்க அங்கே இருந்தவங்கதான். பசங்களைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனா அனுமதி வாங்கிக் காட்டுங்க.

மாஸ்கலின் நம்பினது நிலா முறை. நட்சத்திரங்களுக்கு நடுவுல நிலா ஒரு மணிக்கு ஏறக்குறைய தன் அகலத்துக்கு நகரும். நிலாவுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளந்தா கிரீன்விச் மணி வந்துடும். ஆனா கோணத்துல ஒரு நிமிடம் பிசகினா இடத்துல அரை டிகிரி பிசகும், அமாவாசையை ஒட்டி நிலாவே இருக்காது. கணக்குப் போட நாலு மணி நேரம் ஆகும். அவர் பண்ணின பெரிய வேலை, 1767ஆம் வருஷத்துல இருந்து நாட்டிக்கல் அல்மனாக்ங்கற வான அட்டவணைப் புத்தகம் போட்டதுதான். பாதிக் கணக்கை முன்கூட்டியே போட்டு அச்சடிச்சுக் கொடுத்துட்டார். அதைப் போட்டவங்க ஊர் ஊரா வீட்டுல உட்கார்ந்திருந்த ஆளுங்க. லட்லோ ஊர்ல மேரி எட்வர்ட்ஸ்னு ஒரு அம்மா, முதல்ல புருஷன் பேர்ல, பிறகு சொந்தப் பேர்ல வருஷக்கணக்காப் போட்டாங்க. உங்க வகுப்புப் பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட இதை மறக்காமச் சொல்லுங்க.

எச்4ஐப் பார்த்து கெண்டால்ங்கற வாட்ச் செய்யுறவர் செஞ்ச நகல் வாட்ச்சுக்கு 450 பவுண்டு. ஒரு கப்பல்ல அதை எவன் வாங்குவான்? அல்மனாக்கும் செக்ஸ்டன்டும் இருந்தா சாதாரணக் கப்பல்காரன் சமாளிச்சுடலாம். அதனால வாட்ச் விலை இறங்குற வரைக்கும் நிலாக் கணக்குதான் பெரும்பாலானவங்களுக்குச் சோறு போட்டது. ஹாரிசனைப் படுத்தினாங்கங்கறது நிஜம்தான். வாட்ச்சைப் பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க, எழுதிக் கொடுக்கச் சொன்னாங்க, 1765ல பாதிப் பணம் கொடுத்தாங்க. கடைசியில மூணாம் ஜார்ஜ் ராஜா வரைக்கும் போய், 1773ல பார்லிமென்டே 8,750 பவுண்டு கொடுத்துச்சு. அப்போ அவருக்கு 80 வயசு. அந்த 20,000 பவுண்டுப் பரிசுன்னு அறிவிச்சதை அந்தக் குழு யாருக்கும் கொடுக்கவே இல்லை.

அந்த ஆன்சன் கப்பல் செஞ்சூரியன் இருக்கே, ஹாரிசனோட 34 கிலோ முதல் கடிகாரம் 1736ல லிஸ்பனுக்குப் போனதும் அதே கப்பல்லதான். அஞ்சு வருஷம் கழிச்சு ஹுவான் பெர்னாண்டஸைத் தேடி அலைஞ்சப்ப கப்பல்ல கடிகாரம் இல்லை. கெண்டால் செஞ்ச இன்னொரு வாட்ச், கே2ன்னு பேர், பௌன்டி கப்பல்ல போச்சு. அந்தக் கப்பல் மாலுமிகள்ல கேப்டனை எதிர்த்துக் கலகம் பண்ணவங்க அதைத் தூக்கிக்கிட்டுப் பிட்கெய்ன் தீவுக்குப் போயிட்டாங்க. 1808ல ஒரு அமெரிக்கக் கேப்டன் அங்க போய் அதை வாங்கிட்டு வந்தார். ஹுவான் பெர்னாண்டஸ்ல நின்னப்ப ஸ்பானிய ஆளுநர் அவர்கிட்ட இருந்து அதைப் பிடுங்கிக்கிட்டார். பிறகு சிலியில ரெண்டு மூணு கை மாறி, 1840கள்லதான் இங்கிலாந்துக்குத் திரும்பிச்சு.

வம்பன்:

அண்ணே, அந்த பீர் கெட்டுப்போன கப்பல்ல பந்தயம் கட்டின கேப்டன் தோத்த காசைக் கொடுத்தாரா இல்லையா, அதைச் சொல்லாம விட்டீங்களே!